நாற்பத்து மூன்றாம் நிமிடம்

பகலில் பனியன் கம்பெனியில்
துவைப்புச் சீட்டு எழுதுகிறேன்.
வெந்நீர் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது,
நிழலில் உலர்த்தவும்.
மூன்று சென்டிமீட்டர் நாடாவில் ஆறு மொழி.
ராத்திரி, நாகஜோதியின் படத்துக்கு சப்டைட்டில்.
இதுவும் ஓரத்தில் தைக்கிற வேலைதான்.
இரண்டு வரி, வரிக்கு நாற்பத்திரண்டு எழுத்து.
அதற்குள் ஒரு ஆளை மடித்து வைக்க வேண்டும்.

படம் முடிய நாலு வருசம்.
தள்ளி எடுத்த ஏலச்சீட்டு,
செக்கிங் பெண்கள் தீபாவளி போனஸில் கொடுத்த
நூறு, இருநூறு,
கேமரா பிடித்த ரபீக் விற்ற பைக்.
கோபிப் பக்கம் வருகிற பெரிய படங்களுக்கு
எங்கள் வாய்க்காலும் வயலும் போதும்.
பேசுவதற்கு வேறு ஊரிலிருந்து ஆள் வரும்.
ஏனுங் என்று யாராவது இழுத்தால்
அது காமெடி.

இருபதாம் நிமிடத்தில் சஞ்சுக்தா.
பலாங்கீர்க்காரி. ஓவர்லாக் மிஷினை நிறுத்தாமல் சொல்கிறாள்:
எங்க பாஷையில ஆளைக் கூப்பிட மூணு சொல் இருக்கு,
பெரியவங்களுக்கு, சமமானவங்களுக்கு, சின்னதுக்கு.
தமிழ்ல ஒண்ணுதானே,
வாடி.
எட்டு வருசமாக இந்த ஊரில் இருக்கிறாள்.
நாய்க்குட்டியைக்கூட வாங்க என்போம் என்று
கல்யாண வீட்டில் பெருமை பேசுகிற ஊர்.

நாற்பத்து மூன்று.
தென்னந்தோப்பு. மொபட்டில் வருகிறான்
எட்டாவது படிக்கிற ஒரு பையன்.
கால்கூட ஊன்றவில்லை.
“ரங்கா, மோட்டார் போட்டயா?”
அறுபத்திரண்டு வயது ரங்கன்
தலைத்துண்டை இறக்கிக் கக்கத்தில் செருகி,
“போட்டுட்டனுங்க சாமி.”
அவ்வளவுதான். பதினோரு நொடி.

ரங்கனாக நின்றது நாகஜோதியின் பெரியப்பா.
அவருக்கு ஒத்திகையே தேவைப்படவில்லை.
பையன்தான் பதினாறு டேக் வாங்கினான்.
அவர்கள் தெருப் பையன்,
ஒவ்வொரு தடவையும் அவன் வாயில்
ரங்கன் தாத்தா என்றே வந்தது.

ஆங்கிலத்தில் இரண்டு பேரும் யூ.
சம உயரத்தில் நின்று
மோட்டாரைப் பற்றிப் பேசிக்கொள்ளும் சிநேகிதர்கள்.
சார் போட்டேன், ஆபீஸ் ஆகிவிட்டது.
லார்டு போட்டேன், நாடகக் கொட்டகை.
அடித்துவிட்டு மறுபடி ஓட்டினேன்.
ஓட்ட ஓட்ட
அந்தப் பையனின் குரல் எனக்குப் பழக்கமானது.

பொங்கலூர்ப் பக்கம், எங்கள் தோட்டத்தில்
அவர் பேர் மாறன்.
மாறா, எளநி போடு, என்பேன்.
எனக்கு அப்போது ஏழு வயது.
அவர் ஏற்கெனவே மரத்தில் பாதி ஏறியிருப்பார்.
அந்தப் பேருக்குப் பின்னால் ஒரு ‘ங்க’ போடலாம் என்று
யாரும் சொல்லித் தரவில்லை.
நாய்க்குட்டிக்குப் போட்டிருக்கிறேன்.

நாகஜோதியிடம் சொன்னேன்.
தெரியும், என்றாள்,
அதனாலதான் உன்கிட்டக் கொடுத்தேன்.
மேற்கொண்டு என்னமோ சொல்லுவாள் என்று
நான் காத்திருந்தேன்.
டீ ஆறுது, குடி, என்றாள்.

விடிகாலை மூன்று மணிக்கு
அந்த இடத்தில் மட்டும் மொழிபெயர்க்காமல்
தமிழில், வெள்ளை எழுத்தில்,
ரங்கனின் காலடியில்
‘ங்க’ என்று போட்டு
ஃபைலை அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து
ஏதோ குளிர்நாட்டுத் திரைப்பட விழாவிலிருந்து மெயில்.
படம் தேர்வாகியிருக்கிறது, வாழ்த்துகள்.
நாற்பத்து மூன்றாம் நிமிடத்தில்
எழுத்துருப் பிழை ஒன்று தெரிகிறது,
திருத்தி அனுப்பவும்.

பிழைதான், என்று எழுதினேன்,
ஆனால் எழுத்துருவில் இல்லை.
அப்படியே இருக்கட்டும்.

அனுப்பிய பிறகுதான் கவனித்தேன்,
டியர் சார் என்று தொடங்கியிருக்கிறேன்.
கடைசியில் கையெழுத்துப் போட்டிருந்தது
ஒரு பெண்.